இரைச்சலுக்குள் ஓர் ஈர்ப்பலை

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் எத்தனை ஹாரன் அலறினாலும், கண்டக்டர் கூவும் நம் ஊர்ப்பெயர் காதில் விழுந்துவிடும். எந்தச் சொல்லுக்குக் காத்திருக்கிறோம் என்பது நமக்கு முன்பே தெரியும். ஈர்ப்பலைத் தேடலும் இதை நம்பித்தான் நடக்கிறது. இரண்டு கருந்துளைகள் சுழன்று இணையும்போது அலை எப்படி ஏறும், எப்படி அடங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த வடிவங்களைக் கருவியின் பதிவோடு பொருத்திப் பார்க்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புனேயின் ஐயுகா மையத்தில் இந்த முறையை ஈர்ப்பலைக்கென வளர்த்தெடுத்தவர்கள் சஞ்சீவ் துரந்தரும் சத்தியபிரகாஷும்.

தேடுகிறவர் கண்ணுக்குத் தேடியதுதானே தெரியும்? நியாயமான சந்தேகம். நில அதிர்வோ மின் கோளாறோகூட அந்த வடிவத்தில் தற்செயலாகப் பொருந்தலாம். அதனால்தான் அமெரிக்காவில் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் லைகோ எனப்படும் ஈர்ப்பலைக் கருவிகள் இரண்டு. ஒரே வடிவம் 10 மில்லிசெகண்டுக்குள் இரண்டிலும் பதிய வேண்டும். இரண்டு இடத்து இரைச்சலும் ஒத்துப்போனால்? அதையும் அளந்துவிடுகிறார்கள், எனக்குப் பிடித்த தந்திரம் இதுதான்: ஒரு பதிவை வேண்டுமென்றே சில நொடி நகர்த்தி ஒப்பிட்டால், கிடைக்கும் பொருத்தம் அத்தனையும் போலிதான். அவற்றை எண்ணிப் பார்த்ததில், 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான முதல் சிக்னல் அளவுக்கு வலுவான போலி, 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட வராது என்று தெரிந்தது. 2023இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த லைகோ-இந்தியா மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் இயங்கத் தொடங்கினால், போலிகளுக்கு இன்னொரு காவல் கூடும்.