மூன்றாம் வாரத்தில் நின்றுபோகும் நிறை

நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், முழங்கால் வலி என்று மாதாமாதம் கிளினிக்குக்குச் சென்றுவரும் பெண்களை நாம் எல்லாக் கிராமங்களிலும் காண்கின்றோம். அவர்களில் பலருக்கு வைத்தியர் சொல்லும் முதற் புத்திமதி "நிறையைக் குறையுங்கள்" என்பதுதான். உணவுக் கட்டுப்பாட்டாலும் நடையாலும் மருந்தாலும் நிறையைக் குறைக்க முடியாத சிலருக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை பரிந்துரைக்கப்படுகின்றது. 1966 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடங்கிவைத்த வழியில் வளர்ந்த இச்சிகிச்சை இன்று இலங்கையிலும் செய்யப்படுகின்றது. புலம்பெயர்ந்து வாழும் எமது உறவுகளிலும் இதனைச் செய்துகொண்டவர்கள் இருக்கின்றார்கள்.

சத்திரசிகிச்சை பற்றி வைத்தியசாலையில் விளக்கம் கொடுக்கின்றார்கள். ஆனால் அதற்குப் பிந்திய வாரங்களைப் பெண் தன் வீட்டிலே, தன் குடும்பத்துக்கும் அயலுக்கும் நடுவிலேதான் கழிக்கின்றாள். அந்த வாரங்களில் பெரும்பாலானோருக்கு ஒரு விடயம் நடக்கின்றது. வேகமாகக் குறைந்துவந்த நிறை திடீரென்று நின்றுவிடுகின்றது. அநேகமாக மூன்றாம் வாரத்தை ஒட்டி இது வருவதால் "மூன்றாம் வாரத் தேக்கம்" என்று இதனைச் சொல்வதுண்டு. இதனை முன்கூட்டியே அறிந்திருப்பவள் கலங்குவதில்லை. அறியாதவள் தன்னைத் தானே தண்டிக்கத் தொடங்கிவிடுகின்றாள். அந்தத் தண்டனை சில வேளை உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

தைத்துப் பிழைக்கும் ஒரு தாய்

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் பணியாற்றிய ஒரு கிராமத்தில், தையல் இயந்திரத்தை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்த்த அக்கா ஒருவர் இருந்தார். கணவரைப் போரில் இழந்தவர். 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் பிள்ளைகளுக்குக் கஞ்சியைக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் வயிற்றோடு பதுங்குகுழிக்குள் கிடந்தவர். முகாமுக்கு வந்தபோது அவர் எலும்பும் தோலுமாக இருந்தார். அதன் பின்னர் நிவாரணமாகக் கிடைத்த அரிசியும் கோதுமை மாவும் சீனியுமே நீண்ட காலம் அவருடைய உணவாயிற்று. மீள்குடியேறிய பின் காலையிலிருந்து இரவு வரை இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் வேலை. வருடங்கள் செல்லச் செல்ல நிறை 104 கிலோவாகியது. நீரிழிவு கட்டுப்படவில்லை. முழங்கால் வலியால் இயந்திரத்தை மிதிக்கவும் முடியாமற் போனது.

வெளிநாட்டிலுள்ள சகோதரர் அனுப்பிய பணத்தில் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரைப்பையின் முக்காற் பங்குக்கு மேல் வெட்டியகற்றி, மிகுதியை ஒரு குழாய் போல விடும் முறை அது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோனைப் பெருமளவில் சுரக்கும் பகுதியும் அதனோடு போய்விடுவதால், உண்ணும் அளவும் குறையும், பசியும் குறையும்.

முதல் இரண்டு வாரங்களில் அவருக்கு 7 கிலோ குறைந்தது. வீடே சந்தோசப்பட்டது. அதன் பின்னர் தராசு 97 இலேயே நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பதினாறு நாட்கள். நான் அவரைப் பார்க்கச் சென்றபோது கண்கள் குழிவிழுந்து கிடந்தார்.

"தங்கச்சி, நான் களவாய் ஒண்டும் சாப்பிடேல்லை. முட்டையையும் விட்டிட்டன். தண்ணியையும் குறைச்சுப் பாத்தன். அப்பவும் இறங்குதில்லை" என்றார்.

தராசு எதை நிறுக்கின்றது?

தராசு கொழுப்பை மட்டும் நிறுப்பதில்லை. தசை, எலும்பு, உணவு, மலம், எல்லாவற்றுக்கும் மேலாக நீர், இவை யாவற்றையும் சேர்த்தே நிறுக்கின்றது.

எமது ஈரலும் தசைகளும் அவசரத் தேவைக்காக ஒருவகை மாச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. கிளைக்கோஜன் என்பது அதன் பெயர். வளர்ந்த ஒருவரின் உடலில் இது ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு கட்டி வைத்திருக்கும். சத்திரசிகிச்சையை ஒட்டிய நாட்களில் திரவ உணவு மட்டும் உட்கொள்ளும்போது உடல் இந்தச் சேமிப்பைத்தான் முதலில் செலவு செய்கின்றது. மாச்சத்தோடு நீரும் வெளியேறுகின்றது. ஆகவே முதல் இரண்டு வாரங்களில் குறையும் கிலோக்களில் கணிசமான பங்கு நீரே.

மூன்றாம் வாரமளவில் உணவு சற்றுக் கூடும்போது உடல் அந்தச் சேமிப்பை ஓரளவு மீளக் கட்டுகின்றது. அதனோடு நீரும் திரும்பி வருகின்றது. காயம் ஆறும் உடலும், மன அழுத்தத்தில் உள்ள உடலும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் அப்படியே. இக்காலத்தில் மலச்சிக்கலும் சாதாரணம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண்ணின் உடல் நாளொன்றுக்கு 1700 கலோரி செலவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அவள் உண்பது 600 கலோரி. குறைவு 1100. ஏழு நாட்களுக்கு 7700 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கியுள்ள சக்தியும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே அந்த வாரத்தில் அவளிடமிருந்து ஒரு கிலோ அளவுக்குக் கொழுப்புக் கரைந்திருக்கும். அதே வாரத்தில் ஒரு கிலோ நீர் திரும்பி வந்திருந்தால் தராசின் முள் அசையாது. கொழுப்புக் கரைவது நிற்கவில்லை. தராசுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தேக்கம் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை நீடிக்கலாம். பின்னர் நிறை மீண்டும் இறங்கத் தொடங்கும். முதல் வருடத்தில் இப்படி இன்னும் சில தடவைகள் நிற்பதும் இறங்குவதும் உண்டு.

பட்டினியை மறக்காத உடல்

நீருக்கு அப்பால் இன்னுமொரு காரணமும் உண்டு. உணவு குறையும்போது உடல் தன் செலவையும் குறைத்துக்கொள்கின்றது. வருமானம் குறைந்த வீட்டில் விளக்கை நேரத்தோடு அணைப்பதைப் போன்றது இது.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரினால் பட்டினி கிடக்கும் மக்களை எவ்வாறு மீட்பது என்று அறிவதே அதன் நோக்கம். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்களுடைய நிறை ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தி அதைவிடக் கூடிய வீதத்தில், ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. எந்நேரமும் குளிர்ந்தது. நினைவெல்லாம் உணவாகியது. கால்களில் நீர் கோர்த்து வீங்கியது. உள்ளே தசை உருகிக்கொண்டிருந்தபோது, சேர்ந்த நீர் அந்த இழப்பின் ஒரு பகுதியைத் தராசிலிருந்து மறைத்தது.

எங்களுக்கு இது புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய செய்தியல்ல. பசியில் கால் வீங்கிய தாய்மாரை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம். சத்திரசிகிச்சை செய்துகொண்டவளின் உடலுக்குத் தெரிவதெல்லாம் உணவு குறைந்துவிட்டது என்பது மட்டுமே. அது வைத்தியர் வகுத்த திட்டமா, முற்றுகையா என்று அதற்குத் தெரியாது. ஆகவே அது சிக்கனம் பிடிக்கின்றது. எம்மை உயிரோடு வைத்திருந்த அதே குணம்தான் இங்கேயும் வேலை செய்கின்றது. அதனை எதிரியாகக் கருதி மேலும் பட்டினி போடுவது நியாயமுமல்ல, பயனுமல்ல.

அயலவரின் வாய்

அந்த அக்கா தண்ணீரையும் குறைத்ததற்குக் காரணம் தராசு மட்டும் அல்ல. "இவ்வளவு காசைக் கொட்டியும் மெலியேல்லையாம்" என்று கிணற்றடியில் கதை வந்துவிட்டது. சத்திரசிகிச்சைக்கு முன்னரும் "மனுசன் இல்லாதவளுக்கு என்ன கவலை, நல்லாய்ச் சாப்பிட்டு இருக்கிறாள்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எமது சமூகத்தில் பெண்ணின் உடம்பு ஊராருடைய பேச்சுப்பொருள். கணவனை இழந்தவள் மெலிந்தால் "துக்கம்", பருத்தால் "கொழுப்பு". நிவாரண மாவும், நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலையும், நித்திரையில்லாத இரவுகளும் சேர்ந்து ஏற்றிய நிறைக்கு அவளுடைய வாயை மட்டும் குற்றம் சொல்கின்றோம்.

அந்தச் சொற்கள் அவரைப் படுக்கையில் விழுத்தின. வாந்தி தொடங்கியது, தலைசுற்றியது, நடை தள்ளாடியது. நாம் அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். சேலைனும் தயமின் எனப்படும் விற்றமின் பி1 ஊசியும் ஏற்றினார்கள். தொடர் வாந்தியும் உணவின்மையும் சேர்ந்தால் சில வாரங்களிலேயே இந்த விற்றமின் உடலில் தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், மனம் குழம்புதல் அதன் அறிகுறிகள். தாமதித்தால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம். அவர் நேரத்தோடு வந்ததால் தப்பினார்.

அவர் தேறியபின் தையற் பெட்டியிலிருந்த அளவுநாடாவை எடுத்து இடுப்பை அளந்து பார்க்கச் சொன்னேன். ஊராருக்கெல்லாம் சட்டை தைக்க அளவெடுப்பவர், தன்னை மட்டும் அளந்து பார்க்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் தனக்குத் தைத்த சட்டையின் அளவோடு ஒப்பிட்டபோது மூன்று அங்குலம் குறைந்திருந்தது.

தேக்கத்தின்போது செய்ய வேண்டியவை

தண்ணீரைக் குறைக்க வேண்டாம். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை, ஒவ்வொரு மிடறாக, நாள் முழுவதும் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் அரை மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். சீனி போட்ட தேநீர், சோடா வகைகளைத் தவிருங்கள்.

புரதத்துக்கு முதலிடம் கொடுங்கள். நாளுக்கு 60 முதல் 80 கிராம் வரை தேவை என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. புரதம் குறைந்தால் உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. உங்கள் வாரத்துக்கு அனுமதிக்கப்பட்ட பதத்தில், மசித்த மீன், அவித்த முட்டை, கடைந்த பருப்பு, தயிர் என்று எடுக்கலாம். வெறும் சோற்றுக் கஞ்சியால் அந்தச் சிறிய இரைப்பையை நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமிருக்காது.

தராசை ஒளித்து வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, அதே நாளில், காலையில் மலசலம் கழித்த பின் நிறுத்தால் போதும். மாதத்துக்கு ஒரு தடவை இடுப்பையும் கையையும் அளவுநாடாவால் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மெதுவாக நடவுங்கள். பாரம் தூக்குவதற்கும் தண்ணீர் இறைப்பதற்கும் வைத்தியரின் அனுமதி வரும்வரை பொறுத்திருங்கள்.

விற்றமின் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். அவை வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. நீரிழிவு மருந்தின் அளவு சத்திரசிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் குறைக்கப்படும். பழைய அளவில் தொடர்ந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஆகவே அதனை வைத்தியரிடம் கேட்டே எடுங்கள். கடையில் வாங்கும் நோ மாத்திரைகளில் சில இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். கேட்காமல் விழுங்க வேண்டாம். முதல் 12 முதல் 18 மாதங்களுக்குக் கருத்தரிப்பதைத் தவிர்க்குமாறும் ஆலோசனை வழங்கப்படுகின்றது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

நிறை நிற்பது ஆபத்தல்ல. ஆனால் காய்ச்சல், படபடவென்று அடிக்கும் நாடித்துடிப்பு, கடும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், கறுப்பு நிற மலம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தையலிட்ட இடத்தில் கசிவோ காலில் குருதிக் கட்டியோ இருக்கக்கூடும். போகும்போது சத்திரசிகிச்சைக் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். கொழும்பில் என்ன செய்தார்கள் என்பதைப் பக்கத்து வைத்தியசாலை அதிலிருந்துதான் அறிய முடியும்.

குடும்பத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சிகிச்சை பெற்றவரிடம் "எத்தினை கிலோ குறைஞ்சது?" என்று கேட்பதை விடுங்கள். "இண்டைக்குத் தண்ணி குடிச்சனீங்களா? குளிசை போட்டனீங்களா?" என்று கேளுங்கள். முதலாவது கேள்வி அவரைத் தராசில் ஏற்றும். இரண்டாவது கேள்வி அவரோடு பக்கத்தில் நிற்கும்.

அந்த அக்காவுக்கு வைத்தியசாலையிலிருந்து வந்து பத்து நாட்களில் நிறை மீண்டும் இறங்கத் தொடங்கியது. ஒரு வருட முடிவில் 76 கிலோ. இடையில் மூன்று தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் அவர் கொப்பியில் "நிண்டிருக்கு" என்று எழுதிவிட்டு, முட்டையை அவிய வைத்துவிட்டுத் தையலுக்கு உட்கார்ந்தார். இப்போது அவரால் வலியின்றி இயந்திரத்தை மிதிக்க முடிகின்றது.