நொடிக்கு எண்ணூறு மீட்டர்: தோட்டாவின் வேகத்தை அளப்பது எப்படி?

எர்ணாவூர் பக்கம் தண்டவாளத்தோரம் குடியிருப்பவர்களுக்கு டாப்ளர் விளைவைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ், ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். நம்மைக் கடந்ததும் சட்டென்று கம்மிப்போகும். அந்த வித்தியாசத்தை அளந்தால் ரயிலின் வேகம் தெரிந்துவிடும். சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் உள்ள வானிலை ராடார், மேகத்துக்குள் மழைத்துளிகள் நகரும் வேகத்தைக் கணிப்பதும் இப்படித்தான். நெடுந்தூர இலக்கைச் சுடும் போட்டியாளர்கள் இப்போது ரைஃபிளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் சின்ன ராடார் பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பெட்டி அனுப்பும் அலையின் அதிர்வெண் 24 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் விலகிப் போகும் குண்டின் மேல் பட்டுத் திரும்பும் அலையில் 1,28,000 ஹெர்ட்ஸ் குறைந்திருக்கும். அதிர்வெண்ணை மிக நுட்பமாக அளப்பது மின்னணுவியலுக்குக் கைவந்த கலை. முன்பெல்லாம் ஒளியுணர்விகள் இரண்டைச் சுமார் 60 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, குண்டின் நிழல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் நேரத்தை அளப்பார்கள். அந்த நேரம் ஒரு மில்லிநொடிகூட இல்லை, முக்கால்தான். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் விடை நொடிக்கு 1.3 மீட்டர் தவறிவிடும். மேகம் சூரியனை மறைத்தால் கருவி குழம்பும். ராடாருக்கு அந்தத் தொல்லைகள் இல்லை.

இவ்வளவு நுட்பம் எதற்கு? 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர் தூரத்து இலக்கை 308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவால் சுட்டால், குண்டு ஒன்றரை நொடிக்கு மேல் காற்றில் பறக்கிறது. அவ்வளவு நேரமும் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. கிளம்பும் வேகம் நொடிக்கு 3 மீட்டர் குறைந்தாலே இலக்கில் சுமார் 10 செ.மீ. தாழ்ந்துவிடும். எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியின் அமெரிக்க முறை இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டமே 10 அங்குலம்தான். மையத்துக்குச் சரியாகக் குறிபார்த்தவரும் வளையத்தின் விளிம்புக்குத் தள்ளப்படுவார்.

மின்சாரமே இல்லாத காலத்தில் குண்டின் வேகத்தை அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணித அறிஞர். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூலில் ஓர் ஊசல் வருகிறது. மூன்று கம்பங்களைக் கூட்டி நிறுத்தி, நடுவே கனத்த இரும்புத் தகடு. அதன் முகப்பில் மரப்பலகை. சுட்ட ஈயக்குண்டு பலகையில் புதைந்துகொள்ளும். ஊசல் பின்னால் ஆடும். அடியில் கோத்த ரிப்பன் ஒன்று, ஊசல் எவ்வளவு தூரம் ஆடுகிறதோ அவ்வளவு நீளம் இடுக்கிலிருந்து உருவிக்கொண்டு வரும். ரிப்பனை அளந்தால் ஊசலின் வேகம் கிடைக்கும். ஊசல் குண்டைவிட அறுநூறு மடங்குக்கு மேல் கனம் என்பதால், நொடிக்கு ஐந்நூறு மீட்டர் என்ற எட்டாத வேகம் கண்ணால் பார்க்கக்கூடிய ஆட்டமாகச் சுருங்கிவிடுகிறது. மீதியை உந்த அழிவின்மை விதி பார்த்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், வேகத்தை அளக்க வந்த கருவிகளிலேயே இதுதான் அழகானது.

ராபின்ஸ் அதோடு விடவில்லை. துப்பாக்கியை ஊசலிலிருந்து 25, 75, 125 அடி என்று தள்ளி வைத்துச் சுட்டார். தூரம் கூடக்கூட வேகம் எவ்வளவு செத்துப்போகிறது என்று பார்த்தார். காற்றின் தடை அற்பமானது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல் என்று அவர் கணக்கு காட்டியது. 1745இல் கணித மேதை ஆய்லர் அந்த நூலை விரிவான குறிப்புகளோடு ஜெர்மனில் பெயர்த்தார்.

அந்த ராபின்ஸ் நம் கரைக்கு வந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிபோன மதராஸ் 1749இல் திரும்பக் கிடைத்தபோது, கோட்டைகளைச் சீரமைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750இல் வந்து சேர்ந்தார். மதராஸுக்கும் கடலூருக்கும் திட்டங்கள் வரைந்தார். காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29 அன்று கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். அதே கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் சுட்டார். அந்த ஆட்டத்திலும் வேகம் முக்கியம்: நொடிக்கு 170 மீட்டர் வாக்கில் போகும் குண்டின் வேகம் 3 மீட்டர் குறைந்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தாழும், பத்து மதிப்பெண் புள்ளியின் அகலமே அரை மில்லிமீட்டர்தான்.

கருவி நல்லதாக இருந்தாலும் எண்ணைப் படிப்பதில் கவனம் வேண்டும். ஐந்து தோட்டாக்களைச் சுட்டுவிட்டுத் திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) நொடிக்கு 3 மீட்டர் என்று சந்தோஷப்படுவது அவசரம். ஐந்தே அளவுகளிலிருந்து பார்த்தால், உண்மையான விலக்கம் 2 மீட்டருக்குக் கீழும் இருக்கலாம், 8 மீட்டருக்கு மேலும் இருக்கலாம். முப்பது சுட்டால்தான் ஓரளவு நம்பலாம். அடுத்து வெயில். சில வெடிமருந்துகளில் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் வேகம் நொடிக்கு அரை மீட்டர் வரை ஏறும். மார்கழிக் காலையில் எடுத்த எண்ணை அக்னி நட்சத்திர மதியத்தில் நம்பினால் 1,000 கெஜத்தில் குண்டு ஓர் அடிக்கும் மேல் உயரப் போய்விடும். சுட்டுச் சுட்டுக் கொதித்த குழலில் தோட்டாவை நெடுநேரம் விட்டுவைத்தாலும் இதே கதைதான்.

ஆகவே அனுபவசாலிகள் அளவெடுத்த நாளின் வெப்பநிலையையும் வேகத்தோடு சேர்த்துக் குறித்துவைக்கிறார்கள். பிறகு அந்த வேகத்தைக்கொண்டு குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட்டு, 600 கெஜத்திலும் 1,000 கெஜத்திலும் சுட்டுப் பார்க்கிறார்கள். அட்டையின் ஓட்டை கணக்கோடு ஒத்துவராவிட்டால், முதலில் சரிபார்ப்பது ரைஃபிளின் மேலுள்ள தொலைநோக்கியில் குறியை ஏற்றி இறக்கும் திருகு சொன்ன அளவுக்குத்தான் நகர்கிறதா என்பதை.