உருவத்தில் ஒன்று, குரலில் இரண்டு

ஐரோப்பாவில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் வௌவால்களில் ஒன்று பிபிஸ்ட்ரெல். எடை ஐந்து கிராம் சொச்சம். இறக்கையை மடக்கிக்கொண்டால் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பழைய வீடுகளின் கூரை இடுக்கில் பகலெல்லாம் ஒடுங்கிக் கிடக்கும். இருட்டத் தொடங்கியதும் வெளியே வந்து கொசுவையும் சிறு ஈக்களையும் வேட்டையாடும். ஒரே இரவில் 3,000 பூச்சிகள் வரை தின்னும் என்பது பிரிட்டன் ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. 1774-இல் ஷ்ரேபர் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதைப் பிடித்தார்கள், அளந்தார்கள், தோலைப் பாடம் செய்து அருங்காட்சியகப் பெட்டிகளில் அடுக்கினார்கள். வீட்டுக் கூரையிலேயே குடியிருந்த அந்த வௌவால் ஒரு சிற்றினம் அல்ல, இரண்டு சிற்றினங்கள் என்பது 1990-களில்தான் தெரியவந்தது.

கண்டுபிடித்தது கண் அல்ல, காது. அதுவும் கருவியின் துணைகொண்ட காது.

பூச்சி தின்னும் வௌவால்கள் பறக்கும்போது ஓயாமல் குரல் எழுப்புகின்றன. நம் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும். வௌவாலின் குரலோ பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. அந்தக் குரல் பூச்சியின் மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டுதான் அது இரையின் தூரத்தையும் திசையையும் கணிக்கிறது. 1790-களில் இத்தாலியரான ஸ்பல்லான்சானி, கண் தெரியாத வௌவால் தடையின்றிப் பறப்பதையும், காதை அடைத்துவிட்டால் தடுமாறி முட்டிக்கொள்வதையும் கண்டார். காரணம் அவர் காலத்தில் யாருக்கும் புரியவில்லை. 1938-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின், இயற்பியலாளர் பியர்ஸ் உருவாக்கிய மீயொலிக் கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் விடை கிடைத்தது.

பிற்காலத்தில் அந்தக் கருவி கையில் பிடிக்கும் அளவுக்குச் சிறுத்தது. வௌவால் டிடெக்டர் என்பார்கள். அதில் ஒரு திருகி இருக்கும். வௌவால் தலைக்கு மேல் பறக்கும்போது திருகியை மெல்லச் சுற்றினால், முதலில் வறட்டுத்தனமான ‘டிக் டிக்’ ஒலி வரும். வௌவாலின் குரல் எந்த அதிர்வெண்ணில் மிக வலுவாக இருக்கிறதோ அதை நெருங்க நெருங்க, ஒலி கனத்து, ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போன்ற ‘சளப் சளப்’ ஆகிவிடும். அந்த இடத்தில் திருகியை நிறுத்தி எண்ணைப் படிக்க வேண்டும். பிரிட்டனில் இப்படிப் படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் ஏற்பட்டது. சில பிபிஸ்ட்ரெல்கள் 45 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தின. சில 55-ஐ ஒட்டி. இடைப்பட்ட குரல் அரிதாகவே இருந்தது.

ஆளுக்கு ஆள் குரல் வேறுபடுவது இயல்புதானே என்று இதைத் தள்ளிவிட்டிருக்கலாம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் கேரத் ஜோன்ஸும் சோஃபி வான் பாரைஸும் அப்படித் தள்ளவில்லை. அவர்கள் பறக்கும் வௌவாலோடு நிற்காமல், குட்டி ஈனும் பெண் வௌவால்கள் கூடும் கூரைகளைத் தேடிப் போனார்கள். தனித்தனி வௌவால்களின் விருப்பம்போல் குரல் மாறுவதென்றால், ஒரே கூரைக்குள் இரண்டு வகைக் குரலும் கலந்திருக்க வேண்டும். அப்படிக் கலந்திருக்கவில்லை. ஒரு கூரையில் 45 என்றால் அத்தனையும் 45. இன்னொன்றில் 55 என்றால் அத்தனையும் 55. 1993-இல் இந்த முடிவை அவர்கள் வெளியிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் அழகே இந்த எளிய கேள்வியில்தான் இருக்கிறது: யார் யாரோடு ஒன்றாக வாழ்கிறார்கள்?

இரை தேடும் குரலைத் தவிர, தங்களுக்குள் தகவல் சொல்ல வேறு குரலும் வௌவால்களுக்கு உண்டு. அதைப் பதிவுசெய்து திரும்ப ஒலிக்கவிட்டபோது, ஒவ்வொரு வகையும் தன் வகைக் குரலுக்கே எதிர்வினை காட்டியது, மற்றதைப் பொருட்படுத்தவில்லை. கடைசியாக 1997-இல் டி.என்.ஏ. ஆய்வு வந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவை ஒப்பிட்டதில் இரண்டு வகைக்கும் இடையே 11 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தது. ஒரே சிற்றினத்துக்குள் இவ்வளவு இடைவெளி எதிர்பார்க்கக்கூடியது அல்ல. உருவத்தில் ஒன்றாகத் தோன்றினாலும் இவை வெகு காலத்துக்கு முன்பே பிரிந்து போனவை.

பெயர் வைப்பதில் ஒரு சிக்கல் மிஞ்சியது. 1774-இல் ஷ்ரேபர் பெயர் சூட்டியது இந்த இரண்டில் எதற்கு? அவர் குரலைக் கேட்கவில்லையே! 1825-இல் லீச் என்பவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து ‘பிக்மேயஸ்’ என்று ஒரு சின்னஞ்சிறு வௌவாலுக்குப் பெயரிட்டிருந்தார்; அது தேவையற்ற பெயரென்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. 45-க்குப் பழைய பெயர், 55-க்கு லீச் வைத்த பெயர் என்று முடிவாகி, இரண்டுக்கும் புதிய ஆதார மாதிரிகள் நியமிக்கப்பட்டு, விலங்கியல் பெயரீட்டுக்கான சர்வதேச ஆணையம் 2003-இல் அதற்கு ஒப்புதல் தந்தது.

இரண்டு என்று தெரிந்த பிறகு உற்றுப் பார்த்தார்கள். ஒன்றுக்கு முகம் கறுத்திருந்தது, மற்றதற்கு மூக்கோரம் இளஞ்சிவப்பாக இருந்தது. இறக்கைச் சவ்வில் ஓடும் கோடுகள் பிரியும் விதத்திலும் வேறுபாடு தென்பட்டது. எல்லாம் எப்போதும் அங்கேயே இருந்தவைதான். 55-இல் கத்துவது நீர்நிலை ஓரங்களை விரும்புகிறது. நீரில் பிறக்கும் சிறு பூச்சிகளை அதிகம் தின்கிறது. 45-இல் கத்துவது வயல், வேலி, தோட்டம் என்று பல இடங்களிலும் திரிகிறது. ஓர் ஆற்றங்கரையை அழித்தால் அடிபடுவது முதலில் 55. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியிருந்த காலத்தில் அந்த இழப்பு கணக்கில் தெரிந்திருக்காது.

சிறு வௌவால்களில் மட்டும் ஏன் இவ்வளவு தடுமாற்றம்? இருட்டில் வாழும் விலங்குக்கு இறகின் நிறமோ வாலின் பகட்டோ துணை தேட உதவாது. ஒலியும் மணமும்தான் அடையாளம். உடலோ பறப்பதற்கும் பூச்சி பிடிப்பதற்கும் ஏற்றபடி ஒரே அச்சில் அமைந்துவிடுகிறது. ஆகவே பழைய முறையில் இவற்றைப் பிரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முதலில் இறக்கையை மடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள முன்கை எலும்பை வெர்னியர் அளவியால் அளப்பார்கள். காதுத் துளையின் முன்னே நிற்கும் சிறு மடலின் வடிவத்தைக் குறிப்பார்கள். பிறகு மண்டையோட்டைச் சுத்தம் செய்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து, மேல்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி முன்கடைவாய்ப்பல் வரிசையில் நிற்கிறதா, உள்ளே தள்ளி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால், ஆண் வௌவாலின் குறியில் உள்ள மிகச் சிறிய எலும்பை எடுத்து ஆராய்வார்கள். அதன் நீளம், வளைவு, நுனி பிளவுபட்டிருக்கும் விதம் ஆகியவற்றை வைத்து பிபிஸ்ட்ரெல் அடங்கிய குடும்பத்தின் பல பேரினங்களை ஹில், ஹாரிசன் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் 1987-இல் மறுவரிசைப்படுத்தினார்கள். கையில் கிடைத்தது பெண் என்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

சிற்றினம் என்ற அளவில்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 1758-இல் லின்னேயஸ் வௌவால்களைக் குரங்குகளோடும் மனிதனோடும் ஒரே வரிசையில் வைத்தார். அது திருத்தப்பட்ட பிறகு, பழம் தின்பவை ‘பெரு வௌவால்கள்’, எதிரொலியால் வேட்டையாடுபவை ‘சிறு வௌவால்கள்’ என்ற பிரிவு நெடுங்காலம் நீடித்தது. மரபணு அதையும் உடைத்தது. குதிரைலாட மூக்கு வௌவால், இலைமூக்கு வௌவால் போன்ற சில பூச்சியுண்ணிகள், மற்றப் பூச்சியுண்ணிகளைவிடப் பழந்தின்னிகளுக்கே நெருங்கிய உறவு. அப்படியானால் எதிரொலித் திறன் ஒரு முறை தோன்றிப் பழந்தின்னிகளில் மறைந்ததா, இல்லை இருவேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இனி நம் பக்கம். உலகில் 1,400-க்கு மேற்பட்ட வௌவால் சிற்றினங்கள் உள்ளன. இந்தியாவில் 130-க்கு மேல். நம் ஊர்களில் தெருவிளக்கைச் சுற்றிக் கிறுகிறுவென்று வட்டமடிப்பவற்றில் பிபிஸ்ட்ரெல் பேரினத்தின் உறவுகள் உண்டு. அவற்றுள் ஒன்றின் அறிவியல் பெயரிலேயே சோழமண்டலக் கரை இருக்கிறது: ‘பிபிஸ்ட்ரெல்லஸ் கோரமாண்ட்ரா’. 1838-இல் கிரே என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் புதுச்சேரியிலிருந்து போன மாதிரியைக் கொண்டு அதை விவரித்தார். திருகோணமலையில் கிடைத்த மாதிரியை வைத்து, இலங்கையில் பிறந்த இராணுவ மருத்துவர் கெலார்ட் 1852-இல் ‘சிலோனிகஸ்’ என்று இன்னொன்றை விவரித்தார். டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியிலிருந்து ஒரு இலைமூக்கு வௌவால் 1800-லேயே பெயர் பெற்றுவிட்டது.

இவற்றில் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுவது கோரமாண்ட்ராதான். புதுச்சேரி மாதிரிக்கு வைத்த அந்த ஒரே பெயரில், ஆப்கானிஸ்தானிலிருந்து வியட்நாம் வரை பரந்து கிடக்கும் வௌவால்களை இன்று அழைக்கிறோம். பாலை ஓரம், மழைக்காடு, நெல்வயல், மலைச்சரிவு எல்லாம் இதில் அடக்கம். அதைவிடச் சிறிய இன்னொரு வௌவாலின் கதையும் இப்படித்தான். ராட்டன் என்ற வனத்துறை அதிகாரி குஜராத் மாதிரியைக் கொண்டு 1899-இல் ‘மைமஸ்’ என்று அதற்குத் தனிப்பெயர் வைத்தார். பின்னாளில் அது சுமத்ராவிலிருந்து பெயர் பெற்ற ‘டெனுயிஸ்’ என்ற சிற்றினத்துக்குள் கரைக்கப்பட்டது. பிரிட்டன் போன்ற ஒரு தீவில், வீட்டுக் கூரைக்குள்ளேயே இரண்டு சிற்றினங்கள் இருநூறு ஆண்டுகள் ஒளிந்திருந்தன என்றால், இத்தனை பெரிய நிலப்பரப்பில் இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு சிற்றினத்தைத்தான் குறிக்கின்றன என்று நம்புவது கடினம்.

குரலைக் கேட்டு ஆராயும் மரபு நமக்குப் புதிதல்ல. 1980-களில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜெர்மனியின் கெர்ஹார்ட் நொய்வைலர் குழுவும் மதுரை வட்டாரத்தில் செய்த பணி உலக அளவில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மரங்களுக்கு மேலே வெட்டவெளியில் வேட்டையாடுவது எது, இலைகளுக்கு நடுவே நுழைவது எது, தரையில் ஊர்வதைக் கவ்வுவது எது என்று பிரித்து, அவரவர் இடத்துக்கேற்பக் குரலும் செவியும் அமைந்திருப்பதை அவர்கள் காட்டினார்கள். அதே பணி ஓர் எச்சரிக்கையும் தந்தது. எலிவால் வௌவால்கள் கூட்டமாகப் பறக்கும்போது, ஒன்றின் எதிரொலியில் இன்னொன்று குறுக்கிடாதபடி தங்கள் அதிர்வெண்ணைச் சற்று ஏற்றி இறக்கிக்கொள்கின்றன. எனவே ஓரிரவு பதிவுசெய்த ஒரு எண்ணை வைத்துப் புதுச் சிற்றினம் என்று அறிவித்துவிட முடியாது. குரல் துப்புக் கொடுக்கும். உடலும் மரபணுவும் சாட்சி சொல்ல வேண்டும்.

பெயர் வைப்பது வெறும் நூலக வேலை என்று நினைப்பவர்கள் கோலாரைப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்து ஹனுமனஹள்ளியில் உள்ள இலைமூக்கு வௌவால் தனிச் சிற்றினம் என்று 1994-இல் விவரிக்கப்பட்டது. இன்று உலகத்தில் அது வாழ்வதாகத் தெரிந்திருப்பது அங்குள்ள ஒரு குகையில் மட்டுமே, எண்ணிக்கை 200-க்குள். அந்தப் பாறைப் பகுதியில் கருங்கல் உடைக்கும் தொழில் நடந்தது. தனிப்பெயர் இல்லாமல், தென்னிந்தியா முழுவதும் காணப்படும் வேறொரு இலைமூக்கு வௌவாலாக அது எண்ணப்பட்டிருந்தால், இந்தக் குகை போனால் என்ன, இன்னும் ஆயிரம் இடங்களில் இருக்கிறதே என்றுதான் பேச்சு முடிந்திருக்கும்.

விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. தாய்லாந்தில் சுருங்கிய உதட்டு வௌவால் என்ற ஒரே சிற்றினம், நெற்பயிரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகளைத் தின்று ஆண்டுக்குச் சுமார் 2,900 டன் நெல்லைக் காப்பதாக 2014-இல் மதிப்பிட்டார்கள். எந்த வௌவால், எந்தப் பூச்சி என்று தெரிந்ததால்தான் அந்தக் கணக்கைப் போட முடிந்தது. காவிரிப் படுகையின் வயல்களுக்கு மேலே இரவில் பறப்பவை எவை, அவை எதைத் தின்கின்றன என்று நாமும் அப்படிக் கணக்கிட வேண்டும். ஆடியோமாத் போன்ற கையடக்கப் பதிவுக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. இரவெல்லாம் தானாகவே பதிவுசெய்யும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் தங்கள் மாவட்ட வௌவால்களின் குரல்களைச் சேர்த்து, பிடித்து அளந்த வௌவால்களோடு பொருத்திப் பொதுத் தொகுப்பாக்கினால், புதுச்சேரியில் பெயர் பெற்ற அந்தச் சிற்றினத்தின் கேள்விக்கே இங்கிருந்து விடை கிடைக்கக்கூடும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சின்ன வௌவால் வீட்டுக்குள் புகுந்துவிட்டால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். விளக்கை அணைத்து, சன்னலைத் திறந்து வையுங்கள்; சில நிமிடங்களில் தானே போய்விடும். கீழே விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். ஒரு தடித்த துணியைப் பயன்படுத்துங்கள். கோயிலிலோ பழைய கட்டடத்திலோ திருப்பணி தொடங்குகிறது, இடுக்குகளைப் பூசப் போகிறார்கள் என்றால், அதற்கு முன் அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். குட்டி ஈனும் காலம் முடியும்வரை பூச்சு வேலையைத் தள்ளிவைக்கவும் கேளுங்கள்.