விஷத்தை அளக்கும் ஒளி

ஓசூரினின்று கிருஷ்ணகிரிக்குச் செல்வோர் ஒருபுறம் இயந்திரசாலைகளையும், மறுபுறம் கேழ்வரகுக் கொல்லைகளையும் மாந்தோப்புக்களையும் காண்பர். இரவு வேலை முடிந்து வரப்புவழியே வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளிக்கும், விடியுமுன் ரோஜாத் தோட்டம் செல்லும் குடியானவனுக்கும் பொதுப்பகை ஒன்றுண்டு, அதுவே பாம்பு. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஆண்டுதோறும் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர்.

கண்ணாடிவிரியனின் விஷத்தில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதி உண்டு. நொதியாவது, தான் செலவாகாமலே பிறபொருளை விரைந்து மாற்றும் புரதம். நம் உடலின் உயிரணுக்களைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வு, பெரும்பாலும் பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆயது. அம்மூலக்கூறுக்குத் தலை ஒன்றும், கொழுப்பமில வால்கள் இரண்டும் உள. இந்நொதி இரண்டாவது வாலை மட்டுமே அறுக்கும்.

அறுபடுவதைக் கண்ணாற் காணல் இயலாது. ஆதலின் அவ்வாலிலேயே, நீல ஒளி படுங்கால் பச்சையாய் ஒளிரும் சாயமொன்றைப் பொருத்துகின்றனர். சரியாக அவ்விடத்திற் பொருத்துவது எங்ஙனம்? பாம்பு, தேனீ முதலியவற்றின் விஷத்தினின்று பிரித்த அந்நொதியையே ஏவலாளாகக் கொள்கின்றனர். முட்டை மஞ்சட்கருவிற் கிடைக்கும் லெசித்தினை அதனிடம் விட, அது இரண்டாவது வாலை நீக்கிவிடுகிறது. காலியான அவ்விடத்திற் சாயமேந்திய கொழுப்பமிலத்தை இரசாயன முறையால் இணைக்கின்றனர். தலையை மாற்ற வேண்டின், முட்டைக்கோசிலுள்ள பாஸ்போலிப்பேஸ் டி என்னும் வேறொரு நொதி உதவும்.

இக்கொழுப்பு நீரில் நுண்குமிழ்களாய்த் திரளும். சந்தைக் கூட்டத்தில் எவர் குரலும் தெளிவாய்க் கேளாததுபோல, நெருங்கியிருக்கும் சாயங்கள் ஒன்றன் ஒளியை ஒன்று மங்கச்செய்யும். விஷத்துளி சேர்ந்ததும் வால்கள் அறுந்து விலக, ஒளி பெருகும். அது பெருகும் வேகமே நொதியின் வலிமைக்கு அளவாம்.

இவ்வளவை எதற்குப் பயன்படும்? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும், 1978-ல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நெடுங்காலமாய் விஷமுறி மருந்துச் சாலைகளுக்கு விஷம் அளித்து வந்துளது. ஆயினும் ஓரினப் பாம்பின் விஷமும் இடத்துக்கிடம் வேறுபடும் என்றும், மருந்து எங்கும் ஒருபடித்தாய்ப் பலன் தருவதில்லை என்றும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக் கார்த்திக் சுனகர் குழுவினர் கண்ணாடிவிரியனை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டனர். ஓரிடத்து விஷத்தோடு மருந்தைக் கலந்து சோதிக்குங்கால் ஒளி பெருகாதிருப்பின், மருந்து அந்நொதியை அடக்கிற்று என்க. பெருகின், அடக்கவில்லை என்க. விஷத்தில் வேறு நச்சுப்பொருள்களும் இருத்தலின், இதுவே முடிந்த தீர்ப்பன்று, முதற் சாட்சியே.

சோதனைசாலையின் வேலை இது. கடியுண்டார்க்கு நாம் செய்யத்தக்கது வேறு: கீறாமலும், இறுகக் கட்டாமலும், கடியுண்ட அங்கத்தை அசைக்காமலும், உடனே வைத்தியசாலை சேர்ப்பித்தல்.