மாவு தீர்ந்தால் ஏப்ரன் மிஞ்சும்... தெரியுமா?

மூட்டை மாவு தீர்ந்துபோனால் வீட்டில் என்ன மிஞ்சும்? 1930-களில் ஓர் அமெரிக்கக் கிராமத்துப் பெண்ணிடம் கேட்டிருந்தால், 'ஓர் ஏப்ரன்!' என்றிருப்பார். சமையல்கட்டில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் அந்தத் துண்டுத் துணிக்குள் இவ்வளவு சாமர்த்தியமா!

★ மாவோடு துணியும் சேர்ந்தே விற்றது தெரியுமா?
ஆரம்பத்தில் மாவு பீப்பாயில்தான் வந்தது. 1846-ல் எலையாஸ் ஹோ தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உறுதியான தையல் கைவந்ததும் பருத்தி மூட்டைகள் பெருகின. 1924-ல் ஏசா பேல்ஸ் என்பவர் உடுப்பு தைக்கத் தோதான துணியிலேயே மூட்டை போடும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். செயின்ட் லூயிஸ் நகரின் ஜார்ஜ் பிளாண்ட் மாவு ஆலை கட்டம் போட்ட துணியில் 'ஜிங்காம் கேர்ள்' மாவை விற்றது. அப்புறமென்ன, பூவும் புள்ளியுமாக ஆலைக்கு ஆலை போட்டி!

★ ஏப்ரனுக்கு ஒரே மூட்டை போதும், தெரியுமா?
100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ மூட்டையைப் பிரித்து விரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் துணி கிடைக்கும். கவுன் தைக்க ஒரே டிசைனில் பல மூட்டைகள் சேர வேண்டும். ஏப்ரனுக்கு ஒன்றே தாராளம். மூட்டையில் இருந்தது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரிந்துவிடும். அந்த நூலையும் விட்டுவைக்கவில்லை. உருண்டை சுற்றி வைத்துக் குரோஷா பின்னினார்கள்!

★ ஏப்ரன் காப்பாற்றியது கவுனை மட்டுமா?
முதுகையும் சேர்த்துத்தான்! பெட்டியில் இருந்ததே சில கவுன்கள். துவைக்க வேண்டுமானால் தண்ணீர் சுமந்து, காய்ச்சி, பலகையில் தேய்க்க வேண்டும். கறையையெல்லாம் ஏப்ரன் வாங்கிக்கொண்டால் அலசுவதற்கு ஒரு சின்னத் துணிதான்.

★ இரண்டு 'முகம்' கொண்ட ஏப்ரன் தெரியுமா?
முதல் உலகப் போரின்போது அமெரிக்க உணவு நிர்வாகத்துக்குத் தலைவராக இருந்தவர், பின்னாளில் அதிபரான ஹெர்பர்ட் ஹூவர். அவர் பெயரால் வழங்கியது 'ஹூவர் ஏப்ரன்'. முன்பக்கம் இரண்டு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மேல்மடிப்பு அழுக்கானால் அதை உள்ளே தள்ளி, சுத்தமானதை மேலே கட்டினால் தீர்ந்தது!

★ கொடியான ஏப்ரன் தெரியுமா?
நம் முந்தானை செய்யும் வேலையெல்லாம் ஏப்ரனும் செய்தது. சூடான பாத்திரம் இறக்கும், பிள்ளையின் கண்ணீர் துடைக்கும், முட்டையும் கீரையும் மடிகட்டி வரும், வயலில் நிற்பவரைச் சாப்பாட்டுக்கு அசைத்து அழைக்கும். பாரசீகத்தின் 'ஷாநாமா' காவியத்திலோ கொல்லன் காவே தன் தோல் ஏப்ரனை ஈட்டியில் கட்டி உயர்த்தி, கொடுங்கோலன் ஸஹ்ஹாக்குக்கு எதிராக ஊரையே திரட்டுகிறான்!

★ லேஸ் இல்லாத லேஸ் தெரியுமா?
லேஸ் வாங்கக் காசில்லையா? கட்டத் துணியே கைகொடுத்தது. கட்டங்களின் மேல் நட்சத்திரத் தையல், சுற்றிலும் நூல் வளையம். தள்ளி நின்று பார்த்தால் அசல் லேஸேதான்! அளவெடுக்க வேண்டாம், கோலம் வரைய வேண்டாம், கட்டங்களே வழிகாட்டும். இதற்குக் 'கோழிக் கீறல்' என்று பெயர். விருந்துக்கு மட்டும் கட்டும் மெல்லிய ஆர்கண்டி ஏப்ரன்களும், கைக்குட்டைகளை ஒட்டுப்போட்ட ஏப்ரன்களும் தனி ரகம்.

★ அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?
பழம்பொருள் கடையில் ஓர் ஏப்ரன் கிடைத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் வரிசையாகப் பெரிய ஊசித் துளைகள் தெரிந்தால், அது மூட்டையாக இருந்த துணி என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது! வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். நாடா நைந்திருந்தால் புதிதாக ஒன்று தைத்துக் கட்டிக்கொண்டு சமையுங்கள். நைலான் போல உருகித் தோலில் ஒட்டாத பருத்தி. துவைக்கத் துவைக்க மெத்தென்றாகும். கறை பட்டால்தான் என்ன? அதற்காகத்தானே தைத்தார்கள்!