கப்பலேறாத மணம்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவுக்குள் நுழைந்தால் மிளகும் சுக்கும் ஏலமும் கலந்த வாசனை எதிர்கொள்ளும். 1500-இல் கப்ராலின் போர்ச்சுகீசியக் கப்பல்கள் கொச்சியில் நங்கூரமிட்டதும், 1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைக் கைப்பற்றியதும் இந்த வாசனைக்காகத்தான். மாதக்கணக்கில் கடலில் கிடந்து லிஸ்பனில் இறங்கிய பிறகும் மிளகு மிளகாகவே மணத்தது. கொத்தமல்லித்தழையையோ புதினாவையோ அப்படிப் பச்சையாக அனுப்ப வழியே இல்லை. ஏற்றியிருந்தால் சில நாட்களில் அழுகியிருக்கும். ஒன்றின் மணம் ஆண்டுக்கணக்கில் நிற்க, மற்றொன்றின் மணம் ஒரு பகலில் வடிந்துபோவது ஏன்?

செடி தன் வாசனை எண்ணெயை எங்கே வைத்திருக்கிறது என்பதில் விடை இருக்கிறது. மிளகின் எண்ணெய் காய்க்குள் தனித்தனி உயிரணுக்களில் அடைபட்டிருக்கிறது. சில நாள் வெயிலில் காய்ந்து ஈரப்பதம் 12 விழுக்காட்டளவுக்கு இறங்கும்போது தோல் கறுத்துச் சுருங்கி இறுகிக்கொள்கிறது. காரம் தரும் பைப்பரின் எளிதில் ஆவியாகாத பொருள். தழைகளின் அமைப்பு நேர்மாறானது. கொத்தமல்லித்தழையில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர். அதன் எண்ணெய் நரம்புகளை ஒட்டி ஓடும் நுண்குழாய்களில் இருக்கிறது. புதினாவிலும் துளசியிலும் இலையின் மேல்தோலிலேயே நுண்சுரப்பிகளில் நிற்கிறது. விரல் பட்டாலே அந்தச் சுரப்பிகள் உடைகின்றன. இலையைக் கடிக்கும் பூச்சியை அந்தக் கணமே விரட்டச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. உடனே வெளிப்படுவதற்கென்றே அமைந்த மணம் காத்திருக்காது.

கொத்தமல்லி ஒரே செடியில் இரண்டு வகையையும் வைத்திருக்கிறது. தழையின் மணம் ஆல்டிஹைடுகள் என்னும் சேர்மங்களால் வருவது. பச்சைக் காயிலும் அதே வாடைதான். காய் முற்ற முற்ற ஆல்டிஹைடுகள் குறைந்து லினலூல் என்ற வேறு பொருள் பெருகுகிறது. உலர்ந்த தனியாவின் எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். ஆகவே மளிகைக் கடை மூட்டையில் இருக்கும் தனியாவும் காய்கறித் தட்டில் இருக்கும் தழையும் சமையலில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாவதில்லை.

அடுப்பில் நடப்பது இன்னும் வியப்பானது. தழையின் மணப்பொருள்களில் ஒன்றான டெக்கனால் கொதிக்க 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். ரசம் கொதிப்பதோ சுமார் 100 டிகிரியில். ஆனாலும் மணம் பறந்துவிடுகிறது. நீரும் எண்ணெயும் கலப்பதில்லை. சூடேறும்போது இரண்டும் தனித்தனியே ஆவி அழுத்தத்தைத் தருகின்றன. இரண்டின் கூட்டு அழுத்தம் காற்றழுத்தத்தை எட்டியதும், 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே, எண்ணெய் நீராவியோடு சேர்ந்து வெளியேறுகிறது. ஊட்டியில் யூகலிப்டஸ் இலையிலிருந்து தைலம் காய்ச்சுவது இந்த முறையில்தான். அங்கே ஆவியைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். நாமோ திறந்த பாத்திரத்தில் தழையைக் கொதிக்கவிட்டு, தைலத்தைக் கூரைக்கு அனுப்பிவிடுகிறோம். கொத்தமல்லியைத் தூவி இறக்கு என்று பாட்டிமார் சொன்னதில் முழுமையான வேதியியல் இருக்கிறது.

கறிவேப்பிலையை மட்டும் ஏன் முதலிலேயே தாளிக்கிறோம்? அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. இலை தடிமன், எண்ணெய் இலையின் உட்பகுதியில் சிறு பைகளில் இருக்கிறது. சூடான எண்ணெயில் அது வெடிக்கும்போது வெளிவரும் மணத்தைத் தாளிப்பு எண்ணெயே கரைத்து வைத்துக்கொண்டு குழம்பு முழுக்கப் பரப்புகிறது. ஒன்று முதலில், ஒன்று கடைசியில் என்ற நம் சமையல் ஒழுங்கு, அந்தந்த இலையின் உடலமைப்பைப் பார்த்து வகுத்ததுபோலவே இருக்கிறது.

மென்தழைகளில் ஐரோப்பா கொண்டாடுவது செர்வில். கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைவிட மெல்லிய, சரிகை போன்ற இலை. சோம்பை நினைவூட்டும் இளமணம். பார்ஸ்லி, டாரகன், சைவ்ஸ் ஆகியவற்றோடு செர்விலையும் பொடியாக நறுக்கி ஆம்லெட்டில் சேர்ப்பது பிரெஞ்சுச் சமையலின் பழைய வழக்கம். ஆனால் கொச்சியின் வெக்கை இதற்கு ஆகாது. வெப்பம் கூடினால் செர்வில் இலை விடுவதை நிறுத்தித் தண்டை நீட்டிப் பூத்துவிடும். இங்கே பருவம் முடிகிறது, விதையாவது மிஞ்சட்டும் என்று செடி எடுக்கும் முடிவு அது. நம் கொத்தமல்லியும் கோடையில் இதைத்தான் செய்கிறது. ஊட்டி போன்ற குளிர்ந்த மலையில் நிழலும் ஈரமும் கொடுத்தால் செர்வில் வளரும்.

கொச்சிக்காரர்கள் ஏங்க வேண்டியதில்லை. செர்விலின் மணத்தில் முக்கியப் பங்கு எஸ்ட்ராகோல் என்ற பொருளுக்கு உண்டு. அதே பொருள் நம் திருநீற்றுப்பச்சிலையின் பல வகைகளில் நிறைந்திருக்கிறது. அதன் விதைதான் சப்ஜா. கொச்சித் தெருக்களில் குலுக்கி சர்பத்தில் மிதப்பது. விதையைக் குடிக்கிறோம், தழையை மறந்துவிட்டோம். முட்டைப் பொரியலிலோ மீன் குழம்பிலோ இறக்கும் நேரத்தில் நாலு இலையைக் கிள்ளிப் போட்டால் மெல்லிய சோம்பு மணம் கிடைக்கும். கொத்தமல்லிக்கும் இங்கே மாற்று உண்டு. கேரள வீடுகளில் ஆப்பிரிக்க மல்லி என்று வளர்க்கும் செடி அமெரிக்க வெப்பமண்டலத்தில் பிறந்தது. நீண்ட, விளிம்பில் முள்போன்ற பற்கள் கொண்ட இலை. கொத்தமல்லியின் உறவான ஆல்டிஹைடு மணம். மழையும் புழுக்கமும் அதற்குப் பிடிக்கும். நிழலில் இன்னும் செழிப்பாக இலை விடும். சமைத்தாலும் மணம் ஓரளவு நிற்கும்.

கொத்தமல்லியே நடுநிலக்கடலையும் மேற்கு ஆசியாவையும் ஒட்டிய நிலங்களிலிருந்து நம்மிடம் வந்ததுதான். தழையாக வர முடியாதது விதையாக வந்தது. 1568-இல் பரதேசி சினகாக் என்னும் யூத வழிபாட்டிடம் எழுந்த மட்டாஞ்சேரியில், யூதக் குடும்பங்களின் சமையலில் கொத்தமல்லித்தழைக்குத் தனி இடம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் 1948-க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். போன இடத்திலும் விதைத்தால்தான் அந்த மணம்.

வளர்ப்பது கடினமல்ல. தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, செடி வளரும் பையிலேயே நேரடியாக விதையுங்கள். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் வாடும். பெருமழை மெல்லிய இலைகளைச் சாய்த்துவிடும்; நவம்பர் முதல் பிப்ரவரி வரை கொச்சிக்கு ஏற்ற பருவம். உச்சிவெயில் படாமல் காலை வெயில் மட்டும் படட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு பை விதைத்தால் ஒன்று பூக்கும்போது அடுத்தது தயாராக இருக்கும். பறித்த கொத்தமல்லியையும் புதினாவையும் ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். திருநீற்றுப்பச்சிலையை வைக்காதீர்கள், வெப்பநிலத்துச் செடியான அதன் இலை குளிரில் கறுத்துவிடும். தண்டைத் தண்ணீரில் நிறுத்தி அடுக்களை மேடையிலேயே வையுங்கள்.

காத்திருக்கும் மணத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். காத்திராத மணத்துக்கு வீட்டில் ஒரு தொட்டி வேண்டும். இந்த வாரமே ஒரு பிடி தனியாவை விதையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு தழையைக் கிள்ளிப் போடுங்கள்.