செத்த மாட்டுக்கும் விலை பேசுகிறார்கள்

அடைமழையில் தொழுவம் சரிந்து மாடு செத்துக் கிடக்கிறது. கிராம உத்தியோகத்தர் வந்து எழுதிச் செல்லுமுன்னரே ஒருவர் லொறியோடு வந்துவிட்டார். "பொதச்சா ஒங்களுக்கு என்னா கெடைக்கும் அண்ணே? நான் ஏத்திக்கிட்டுப் போறேன்" என்கிறார். பசறைப் பக்கத்தில் இதை நான் நேரில் கேட்டேன். வீட்டையும் காணியையும் விட்டுவந்த குடும்பத்துக்கு அவர் நீட்டிய சில ஆயிரம் ரூபா சிறு தொகையல்ல. எனவே விற்பவரைக் குறைசொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்த இறைச்சி போகுமிடம் எது? பெரும்பாலும் பட்டணத்துக் கடைக்கு அல்ல, அங்கே பீ.எச்.ஐ. வந்து பார்ப்பார். சம்பள நாளில் லயத்து வாசலுக்குத்தான் அது மலிவாக வருகிறது. கொடுப்பவரும் நம்மவர், உண்பவரும் நம்மவர்.

2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் கடுங்குளிரால் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. அவற்றின் இறைச்சி சந்தைக்கு வந்துவிடும் என்ற அச்சத்தினால், மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் மாகாணம் விட்டு மாகாணம் கொண்டுசெல்ல அரசு அப்போது தடைவிதித்தது.

இறைச்சி அறுப்பதற்கு அனுமதி வேண்டும் என்பது 1893ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தொட்டே உள்ள விதி. உண்ணத் தகாததை விற்பது 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி குற்றம். முறைப்படி செய்யும் பரிசோதனை இருமுறை நடக்கும். முதலில் மாடு உயிரோடு நிற்கையில் அதன் நடை, கண், வாய் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அறுத்த பின்னர் ஈரல், நுரையீரல், நிணநீர்க் கட்டிகளைப் பார்ப்பார்கள். தானாகச் செத்த மாடு முதற் சோதனைக்கே நிற்க முடியாதல்லவா? அதன் இரத்தமும் சரியாக வடிந்திராது.

"நல்லா வேக வச்சா ஒண்ணும் செய்யாது ஃபாதர்" என்று பலர் சொல்வார்கள். அடைப்பான் நோயின் நுண்வித்துகள் சாதாரணச் சமையலில் அழிவதில்லை. உண்பவருக்கு முன்னரே அதை வெட்டுபவரின் கையில் புண் வரும். திடீரெனச் செத்து, மூக்கிலோ வாயிலோ உறையாத இரத்தம் கசியும் மாட்டைத் திறக்கவே கூடாது.

இந்த அனுமதிகளைக் கவனிப்பது உள்ளூராட்சி மன்றம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ தோட்டப்புறங்களுக்குச் செலவிடச் சபைகளுக்குத் தடையாயிருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் நம் லயங்கள் சபையின் கண்ணுக்கு அப்பால் கிடந்தன. இன்றும் பல தோட்டங்களில் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் பிரதான வீதியோடு நின்றுவிடுகிறது. எங்கள் பக்கமும் வாருங்கள் என்று சபை உறுப்பினரிடம் கேளுங்கள், இது சலுகையல்ல.

மாடு செத்தால் முதலில் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். காப்புறுதி செய்திருந்தால் வைத்தியரின் சான்று இல்லாமல் ஒரு சதமும் கிடைக்காது. லொறியில் ஏற்றிவிட்டால் சான்றுக்குக் காட்ட மாடே இருக்காது.

பசறையில் அந்தக் குடும்பத் தலைவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு மண்வெட்டியைக் கேட்டார். லயத்து இளைஞர் நால்வர் சேர்ந்து, கிணற்றுக்கு எட்டத்தில் ஆறடிக் குழி வெட்டினார்கள். சுண்ணாம்புக்கான காசை மட்டும் நாங்கள் கொடுத்தோம்.